புதுப்பிப்பு: நெல்லை–கன்னியாகுமரி சைக்கிள் பயணமும் முழங்கால் வலியும்

ஆனி மாதத்தில் பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் சென்று திரும்பப் புறப்பட்டு, திரும்பும் வழியில் வள்ளியூரிலேயே முன்முழங்கால் வலியாலும் மரத்துப்போன உள்ளங்கைகளாலும் சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றியதை எழுதிக் காரணம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இருக்கை தாழ்வாக இருப்பதே முழங்கால் வலிக்குக் காரணம் என்று ஒருவர் சொன்னதுதான் சரியாக அமைந்தது. மிதிகட்டை அடியில் நிற்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும். எனக்கோ முழங்கால் நன்றாக மடங்கியே இருந்தது. மூன்று விரற்கடை உயர்த்தியபின் வலி இல்லை.

எதிர்பாராதது கை மரத்துப்போனதன் காரணம். கைப்பிடி உறையை மாற்றியும் பயனில்லை. பழுது பார்ப்பவர், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இருக்கையின்மேல் வைத்துக் காட்டினார். குமிழி பின்னால் ஓடியது. இருக்கையின் மூக்கு கீழே சரிந்திருந்ததால் உடல் முன்னால் சறுக்கி, எடையைக் கைகள் அளவுக்கு மீறித் தாங்கியிருக்கின்றன.

ஆனியில் போகாதீர்கள் என்ற அறிவுரையும் உண்மைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று, பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. அத்தனை காற்றாலைகளைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாசியில் மீண்டும் சென்று, உப்பிட்ட நீராகாரத்துடன் விடியுமுன் கிளம்பி, கன்னியாகுமரியில் இரவு தங்கி, மறுநாள் மிதித்தே வீடு திரும்பினேன்.