அமாவாசைச் சோறு: காக்கைக்கு முதல் பிடி ஏன்? வராவிட்டால் என்ன செய்வது?

மாடிவீடு கேட்டது:

அமாவாசையன்று காக்கை சோறெடுத்த பிறகுதான் வீட்டில் இலை போட வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். முன்னோர் காக்கை வடிவில் வருகிறார்கள். அது சனி பகவானின் வாகனம். சோற்றில் விஷம் இருந்தால் காக்கை காட்டிக்கொடுத்துவிடும். ஆலவிதை காக்கை வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும், அது புரட்டாசியில் குஞ்சு பொரிப்பதால் மகாளயத்தில் சோறு வைக்கிறோம். இதில் எதை நம்புவது?

இன்னொன்று. மூன்றாம் மாடி மொட்டைமாடியில் வைத்தால் காக்கைக்குப் பதில் புறாதான் வருகிறது. மணி பன்னிரண்டு தாண்டியும் பெரியவர்கள் பட்டினி. பொங்கலுக்கு மறுநாள் காக்கைக்கு வைக்கும் கணுப்பிடிக்குச் சிவப்புச் சாதம் கலக்கக் கடைக் குங்குமம் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

திண்ணை:

விஷக் கதையையும் ஆலமரக் கதையையும் தள்ளிவிடுங்கள். அழுகியதையும் செத்ததையும் தின்று செரிக்கிற பறவை, நம் சோற்றுக்குச் சோதனைக்கூடம் ஆகாது. பல விஷங்கள் வேலை செய்யவே மணிக்கணக்காகும். காக்கை ஒரு வாய் கொத்திப் பறந்த பிறகு என்ன ஆனது என்று யார் பார்த்தார்கள்? ஆல், அரசின் விதைகளைக் குயில், மைனா, வௌவால் எல்லாமே பரப்புகின்றன. நம் பக்கம் வீட்டுக் காகம் பெரும்பாலும் கோடையில்தான் கூடு கட்டுகிறது. மகாளயம் வருவதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும்.

வழக்கத்தின் வேர் வேறு. இல்லறத்தான் அன்றாடம் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞம் ஒன்று. சமைத்ததில் தான் உண்ணுமுன் பிற உயிர்களுக்குப் பங்கு எடுத்து வைப்பது அது. மனுநூலின் மூன்றாம் அத்தியாயம் நாய், காகம், புழு இவற்றுக்கான பங்கை மெல்லத் தரையில் வைக்கச் சொல்கிறது. வீசி எறியாமல் குனிந்து வைப்பது அதனால்தான். முன்னோர் தொடர்புக்கு ராமாயண உத்தர காண்டத்தில் கதை இருக்கிறது: மன்னன் மருத்தன் வேள்விக்கு ராவணன் வந்தபோது எமன் காக்கை உருவில் ஒளிந்தான். பிறகு, உனக்கு மனிதர் சோறிட்டால் என் உலகில் பசித்திருப்போர் நிறைவார்கள் என்று காக்கைக்கு வரம் கொடுத்தான். சனிக்கிழமை எள் சாதம் தனி வழக்கம். அமாவாசையோடு அதைக் குழப்ப வேண்டாம்.

நம்பிக்கைக்கு அதன் சொந்தக் காரணமே போதும். பொய்யான அறிவியலை முட்டுக் கொடுத்தால், அது விழும்போது வழக்கமும் சேர்ந்து விழும்.

கொன்றை:

காக்கை வராததற்குப் பெரும்பாலும் சோறு காரணமில்லை, இடம்தான். புதுப் பொருளைக் கண்டால் காக்கை நெருங்காது. மாதம் ஒருமுறை மட்டும் பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வைத்து, பக்கத்திலேயே நாலு பேர் நின்று கூப்பிட்டால் வரவே வராது. அதே கைப்பிடிச் சுவரில், அதே நேரத்தில், தினமும் ஒரு சின்ன உருண்டை வையுங்கள். பழகிவிட்டால் நேரத்துக்கு அதுவே வந்து உட்காரும்.

அமாவாசையன்று தெரு முழுக்கச் சோறு. உங்கள் மாடிக்கு வரும்போது அதற்குப் பசி இருக்காது. அன்று சீக்கிரமே வைத்துவிடுங்கள். கூடு கட்டும் காலத்தில் கூட்டுக்கு அருகே போனால் தலையில் கொத்தும். அப்போது இடத்தைத் தள்ளி வையுங்கள்.

அளவு எலுமிச்சை அளவு போதும். நன்றாக ஆறிய வெறும் சாதம், கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய், படையலானால் எள். ஊறுகாய், அப்பளம், மிக்சர் வேண்டாம், உப்பு அதிகம். வாழையிலைத் துண்டில் வைத்து ஓரத்தில் சின்னக் கல் வையுங்கள், காற்றில் பறக்காது. பக்கத்தில் மண் சட்டியில் தண்ணீர் வைத்தால் காய்ந்த துண்டை நனைத்துத் தின்னும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு முட்டை வைக்கும். அரிசி, கம்பு என்று தானியத்தை இறைத்தால் புறாதான் சேரும். பிசைந்த உருண்டையாக வைத்து, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவு வரை கிடந்தால் எலி வரும்.

அகப்பை:

கணுப்பிடிக்குக் கடைக் குங்குமம் வேண்டாம். பலவற்றில் செயற்கைச் சாயம் இருக்கிறது, அது தின்னும் பொருள் இல்லை. ஒரு கைப்பிடி சாதத்தில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்து, மிளகளவு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பிசையுங்கள், சிவந்துவிடும். சுண்ணாம்பு கூடினால் காரமாகி வாய் வேகும், மிளகளவைத் தாண்டாதீர்கள். மஞ்சள் சாதம், வெள்ளைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் இவற்றோடு மஞ்சள் செடியின் இலையில் வரிசையாகப் பிடி வைப்பது வழக்கம். உடன்பிறந்தான் நலத்துக்காகப் பெண்கள் வைப்பது. பிடிகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும். முதல் நாள் சாதத்தில் வைப்பவர்கள் புளித்து நாறினால் புதிதாக வடித்துக்கொள்ளுங்கள்.

மாடிவீடு:

நன்றி. படையலில் கறி, கருவாடு வைக்கும் வீடுகளில் காக்கைக்கும் அதை வைக்கலாமா?

திண்ணை:

தாராளமாக. ஐங்குறுநூற்றில் மகள் வரவைக் கரைந்து சொல்லச் சொல்லிக் காக்கையிடம் கெஞ்சும் தாய், ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் தருவதாகச் சொல்கிறாள். சைவச் சோறு மட்டும்தான் என்பது அந்தந்த வீட்டு முறை, எல்லோருக்கும் பொது விதி இல்லை. மீன் முள்ளை மட்டும் மாடியில் விட்டுவைக்காதீர்கள், பூனை இழுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் போடும்.

வயதானவர், சர்க்கரை மருந்து எடுப்பவர் காக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். வைப்பதோடு உங்கள் கடமை முடிந்தது. கால் மணி பாருங்கள், வராவிட்டால் அந்தப் பிடியைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டு இலை போடுங்கள். பல வீடுகளில் பெரியவர்கள் செய்து வந்ததும் இதுதான்.