புதுப்பிப்பு: ஸ்க்ரைபஸில் படச்சட்டத்தை மலைச்சரிவாக வளைத்தல்

ஹட்டன் பாடசாலை மலரை ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறேன். அதன் அட்டைப் படத்துக்கு, மேல் விளிம்பு சிவனொளிபாதமலையின் சரிவைப் போல அமைய வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். சட்டத்தை வளைத்தால் படம் தானாகப் பெருக்கிறது, எழுத்தும் பழைய செவ்வகத்தைச் சுற்றியே ஓடுகிறது என்றும் சொல்லியிருந்தேன். இப்போது வடிவம் சரியாக வந்துவிட்டது.

சட்டத்தைத் தெரிவுசெய்து எஃப்2 அழுத்துங்கள். பண்புகள் பலகையின் வடிவப் பகுதியில் எடிட் பொத்தானைத் தட்டினால், கணுக்களை (விளிம்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளை) திருத்தும் கணுப் பலகை திறக்கும். கணு சேர்க்கும் கருவியால் மேல் விளிம்பில் மூன்று இடங்களில் சொடுக்கினால் போதும்: இரண்டு அடிவாரங்கள், ஒரு சிகரம். அதிகம் சேர்த்தால் வளைவு நெளிந்துபோகும். சிகரக் கணுவை மேலே இழுத்தபின், அந்தக் கணுவின் இரு பக்க வளைவையும் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தனித்தனியே நகர்த்தும் தெரிவைப் போடுங்கள். இரு புள்ளிகளும் சேர்ந்தே அசைந்தால் சிகரம் கூராகாது, மொட்டையாகத்தான் நிற்கும்.

படம் தானாகப் பெருத்தால் காரணம், ‘சட்ட அளவுக்குப் பொருத்து’ தெரிவு. கணுவை இழுக்கும்போது சட்டத்தின் வெளி அளவும் மாறுகிறது, படமும் கூடவே மாறுகிறது. வடிவத்தைத் தொடுமுன் கட்டற்ற அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

எழுத்து பழைய செவ்வகத்தைச் சுற்றியே ஓடியதற்கு விடை: எழுத்தோட்டத்துக்கான எல்லைக்கோடு சட்ட வடிவத்திலிருந்து வேறானது. கணுப் பலகையில் எல்லைக்கோட்டுத் திருத்தத்தைத் தெரிவுசெய்து, அதைச் சட்ட வடிவத்துக்கு மீட்டமைக்க வேண்டும். சரிவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அட்டை என்பதால், கீழ்க் கணுக்களைப் பக்க விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. தள்ளி வையுங்கள். அப்போதுதான் அச்சகத்தில் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது.