அம்மாவுக்குப் பணம் நின்றுவிட்டது, யாரிடம் போக வேண்டும்? அவசரம்

பாலத்தடி (திங்கள், காலை 9.50)
வணக்கம். அம்மாவுக்கு மாதாமாதம் வரும் பணம் திடீரென்று நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் தாலுகாவில் கேள் என்கிறார்கள். தாலுகாவில் கேட்டால் வங்கியில் கேள் என்கிறார்கள். சர்க்கரை மாத்திரைக்கு அந்தப் பணம்தான். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். இன்று மட்டும்தான் விடுப்பு.

வடசென்னை வாசகி
எந்தப் பணம் தம்பி? முதியோர் உதவித்தொகையா, விதவை உதவித்தொகையா, மகளிர் உரிமைத்தொகையா? ஒவ்வொன்றுக்கும் போய் நிற்கவேண்டிய மேசை வேறு. அம்மாவுக்கு வயது என்ன? எத்தனை மாதமாக வரவில்லை?

மின்சார ரயில்
யோசிக்கவே வேண்டாம், ஆதார் இணைப்புதான். ஆதாரை வைத்து அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். என் மாமியார் சுய உதவிக் குழுவுக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கினார். நான்கு மாதப் பணம் யாருக்கும் தெரியாமல் அதில் கிடந்தது. நாங்கள் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ஊரையே சுற்றினோம். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய கோப்பு
"பணம் நின்றுவிட்டது, அவசரம்." இப்படி ஒரு தலைப்பு இங்கே வாரம் ஒன்று வருகிறது. திட்டத்தின் பெயர் இல்லை, வயது இல்லை, வட்டம் இல்லை. ஆரூடம் பார்க்கவா உட்கார்ந்திருக்கிறோம்? முப்பத்தோரு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இதே கோப்புகளைத் தூக்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உதவித்தொகை தானாக நிற்காது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்தை எழுதி நிறுத்தியிருப்பார். முதலில் அந்தக் காரணத்தைக் கேளுங்கள். அதன் பிறகு அவசரப்படலாம்.

பாலத்தடி
மன்னிக்கவும். வேலைக்கு நடுவில் எழுதினேன். முதியோர் உதவித்தொகை, 1,200 ரூபாய். அம்மாவுக்கு 71. மூன்று மாதமாக வரவில்லை. வங்கி சார்பில் கைரேகை மெஷின் கொண்டுவரும் அக்கா "கணக்கில் ஒன்றும் ஏறவில்லை" என்கிறார். ஆதார் பார்த்துவிட்டேன், அதே பழைய வங்கிதான்.

நாலாவது மாடி
உங்கள் மனைவி மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறாரா? ஒரே ரேஷன் கார்டில் இரண்டு உதவி என்றால் ஒன்றை வெட்டிவிடுவார்கள். அதுதான் நடந்திருக்கும்.

வடசென்னை வாசகி
அப்படி இல்லை. 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை தொடங்குவதற்கு முன்பே அதைத் தளர்த்திவிட்டார்கள். வீட்டில் மாமியார் முதியோர் உதவித்தொகை வாங்கினாலும், மற்றத் தகுதிகள் இருந்தால் மருமகள் உரிமைத்தொகை வாங்கலாம். ஒரே ஆள் இரண்டையும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

கணக்குப் புலி
தவறாக நினைக்காதீர்கள். விடுப்பு எடுக்கும் அளவுக்கு மகனுக்கு வேலை இருக்கிறது. 1,200 ரூபாய்க்கு அம்மாவை அரசாங்கத்திடம் கையேந்த விட வேண்டுமா? நாம் கட்டும் வரிதானே அது.

பாலத்தடி
நான் பெயின்ட் அடிக்கும் வேலை பார்க்கிறேன். விடுப்பு என்றால் அன்று கூலி கிடையாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அரசமரத்தடி
கணக்குப் புலி ஐயா, கையேந்தல் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். முதுமையில் அரசு உதவி பெறும் உரிமைக்கு வழி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவே சொல்கிறது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தர்மத்துக்கு யாராவது தேதி குறிப்பார்களா?

கணக்குப் புலி
41-ஆவது பிரிவில் "பொருளாதார வலிமைக்கு உட்பட்டு" என்றும் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். அது வழிகாட்டும் நெறி. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. ஆனால் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயமே உண்டு. பிள்ளை மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவிடலாம்.

அரசமரத்தடி
அது, வைத்துக்கொண்டு தராத பிள்ளைக்கு. இல்லாதவன் எங்கே போவான்? இதில் ஒன்றிய அரசின் பங்கு என்ன தெரியுமா? 60 வயதிலிருந்து 79 வரை மாதம் 200 ரூபாய். 1995-இல் திட்டம் தொடங்கியபோது 75 ரூபாய். மிச்சத்தை மாநிலம் போட்டுத்தான் 1,200 ஆகிறது. இந்த 200-இல் உங்கள் வரி எத்தனை பைசா என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், புலியாரே.

வடசென்னை வாசகி
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். தம்பி, அம்மா இப்போது எங்கே இருக்கிறார்? மனு கொடுத்தபோது இருந்த வீட்டில்தானா?

பாலத்தடி
இல்லை அக்கா. அப்போது கூவம் கரையில் இருந்தோம். அங்கே இடித்துவிட்டு வாழ்விட வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தது. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பழைய முகவரிதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய கோப்பு
இதை முதல் வரியில் எழுதியிருந்தால் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆள் உயிரோடு இருக்கிறாரா, அதே இடத்தில் இருக்கிறாரா என்று பார்க்க வி.ஏ.ஓ. வருவார். வீடே இல்லாத இடத்தில் அவர் என்ன எழுதுவார்? "முகவரியில் இல்லை." அந்த ஒரு வரி போதும். தவிர, பெரும்பாக்கம் சென்னை மாவட்டத்தில் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். உங்கள் கோப்பு சென்னையில், நீங்கள் செங்கல்பட்டில். வீடு மாறினால் தெரிவிப்பது வாங்குபவரின் பொறுப்பு. மறுமணமானால் விதவை உதவித்தொகைக்காரர் சொல்ல வேண்டும், ஆள் இறந்தால் வீட்டார் சொல்ல வேண்டும். அதைப் போலத்தான் இதுவும்.

தூண் 14
நானும் அதே பெரும்பாக்கம்தான். பொறுப்பு என்கிறீர்களே ஐயா, நாங்களாகவா வீடு மாறினோம்? லாரி வைத்து ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது யார்? எந்த வீட்டுக்கு யார் என்று பெயர், ஆதார், கைரேகை எல்லாம் எழுதி வாங்கியது யார்? ஆளை இடம் மாற்றியதும் அரசு, ஆள் இடத்தில் இல்லை என்று எழுதியதும் அரசு. நடுவில் எழுபது வயதுக் கிழவி போய்த் தெரிவிக்க வேண்டுமாம்.

பழைய கோப்பு
வாரியம் வேறு, வருவாய்த் துறை வேறு. ஒரே அரசுதான், பீரோ இரண்டு. நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். நிறுத்துவதற்கு முன் அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் அனுப்பி விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடிதமும் இடித்த வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். வி.ஏ.ஓ.விடம் போய்ப் பயனில்லை. பழைய தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருப்பார், அவரைப் பாருங்கள். வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்து, உதவித்தொகையைத் திரும்பத் தொடங்கிப் புதிய வட்டத்துக்கு மாற்றும்படி மனு எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனு. அம்மாவை நேரில் அழைத்துப் போங்கள், உயிரோடு இருப்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆதார் முகவரியையும் ரேஷன் கார்டையும் இந்த வாரமே மாற்றுங்கள்.

வடசென்னை வாசகி
அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில், குறைதீர் நாள் உண்டு. முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் பேசிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, நிறுத்திய ஆணையின் நகலையும் விசாரணை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேள்வியாக எழுதாதீர்கள், தட்டிக்கழித்துவிடுவார்கள். நகல் என்று கேளுங்கள்.

நாலாவது மாடி
தரகர் ஒருவர் இருக்கிறார், இரண்டாயிரம் கொடுத்தால்

வடசென்னை வாசகி
வேண்டாம். இரண்டு மாதப் பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு எதை வாங்கப் போகிறார்?

பாலத்தடி (பத்தொன்பது நாள் கழித்து)
அனைவருக்கும் நன்றி. "முகவரியில் இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போனேன், மனு கொடுத்தாயிற்று, சீட்டு வாங்கிவிட்டேன். புதிய தாலுகாவில் இருந்து வந்து பார்த்துவிட்டும் போனார்கள். அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். வேலைக்குப் போகிறேன், பிறகு எழுதுகிறேன்.

பழைய கோப்பு
நின்ற மாதங்களின் நிலுவை? மனுவில் அதையும் கேட்டு எழுதினீர்களா?

தூண் 14
தம்பி, எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள்? எங்கள் மாடியிலேயே ஆறு பேருக்கு இதே கதை. அந்த மனுவின் நகல் இருந்தால் இங்கே போடுங்கள்.

வடசென்னை வாசகி
ஒரு வாரமாகக் காத்திருக்கிறோம். தம்பியைக் காணவில்லை.

மின்சார ரயில்
எதற்கும் ஆதார் இணைப்பை இன்னொரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.