பிரைவசி பில்டர் மாட்டியும் எதிரில் நிற்பவருக்குத் திரை தெரிகிறது, உதவுங்கள்

தேவகோட்டை கணக்கர்:
வணக்கம். தேவகோட்டையில் ஓர் அடகுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பழைய வீடு ஒன்றின் முகப்பில்தான் கடை. கவுண்டருக்குப் பின்னால் நான், என் முன்னால் மானிட்டர், பக்கவாட்டில் வாடிக்கையாளர்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு.

போன மாதம் ஓர் ஆத்தா வட்டி கட்ட வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அவர் தெருக்காரர். திரையில் இருந்த பெயரையும் தொகையையும் படித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மகளின் சங்கிலி அடகில் இருப்பது சம்பந்தி வீடு வரை போய்விட்டது. மறுநாள் அந்த ஆத்தா வந்து, "ஏம்மா, நீ சொன்னியா?" என்று கேட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால், பக்கவாட்டில் இருப்பவருக்குத் திரை தெரியாமல் மறைக்கும் பிலிமான பிரைவசி பில்டரை வாங்கி மானிட்டரில் மாட்டினேன். இப்போது பெஞ்சிலிருந்து பார்த்தால் திரை கறுப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை கவுண்டருக்கு எதிரில் நின்றவர், "இது எங்க சித்தி போட்டோ மாதிரி இருக்கே" என்றார். பில்டரில் கோளாறா? தலைகீழாக மாட்டிவிட்டேனா? இன்னொன்று, திரையின் இரண்டு ஓரமும் எனக்கே மங்கலாகத் தெரிகின்றன. மானிட்டர் பதினெட்டரை அங்குலம்.

காரைக்குடி சர்வீஸ்:
தலைகீழாக மாட்டினாலும் பில்டர் வேலை செய்யும் மேடம். குறுக்கே திருப்பி மாட்டினால்தான் தப்பு. அந்த பிலிமுக்குள் மயிரிழை போலக் கறுப்புத் தகடுகள் மேலிருந்து கீழாக நெருக்கமாக நிற்கும். ஜன்னலில் செங்குத்துப் பட்டைத் திரை போட்டால் நேரே பார்க்கத் தெரியும், சாய்ந்து பார்க்கத் தெரியாது இல்லையா, அதே சங்கதிதான். பில்டரைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இருண்டால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். பெரிய ஷீட்டை வாங்கி வெட்டிக் கொடுக்கிறவர்கள் சில நேரம் குறுக்காக வெட்டிவிடுவார்கள்.

ஓரம் மங்குவது, நீங்கள் கிட்டே உட்கார்வதால். இந்த பில்டர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி வரை ஒளியை விடும். உங்கள் திரையின் அகலம் 41 செ.மீ. கண்ணை 35 செ.மீ. தூரத்தில் வைத்தால் ஓரத்தைப் பார்க்கும் கோணமே 30 டிகிரியைத் தொட்டுவிடும். 60 செ.மீ. தள்ளி உட்காருங்கள், 19 டிகிரிதான் வரும். வெளிச்சமும் கால்பங்குக்கு மேல் பில்டரிலேயே போய்விடுவதால் மானிட்டர் பிரைட்னஸைக் கூட்டி வையுங்கள்.

தேவகோட்டை கணக்கர்:
நன்றி அண்ணே. திருப்பிப் பார்த்தேன், இருண்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளியதும் ஓரமும் தெளிந்துவிட்டது. எதிரில் நிற்பவர் விஷயம்தான் இன்னும் புரியவில்லை.

வங்கி ஊழியன்:
மானிட்டரைச் சற்று உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் சொல்லி, பிரைவசி திரை உள்ளேயே வரும் லேப்டாப் வாங்கச் சொல்லுங்கள். எச்பி 2016-லேயே ஷ்யூர் வியூ என்று கொண்டுவந்துவிட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை மங்கிவிடும், வேண்டாதபோது அணைத்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை கணக்கர்:
மானிட்டர் ஏற்கெனவே முழுக்க என் பக்கம்தான் சார் பார்த்திருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். லேப்டாப் வாங்கும் நிலையில் கடை இல்லை.

பள்ளத்தூர் பிசிக்ஸ்:
முதுகைப் பார்த்து நிற்பவர் முகத்தை அடையாளம் கண்டாரா? அப்படியானால் கோளாறு பில்டரில் இல்லை. இரண்டு கேள்வி. அவர் எழுத்தைப் படித்தாரா, படத்தை மட்டும் பார்த்தாரா? உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் என்ன இருக்கிறது?

தேவகோட்டை கணக்கர்:
போட்டோவைப் பற்றி மட்டும்தான் சொன்னார். பின்னால் வீட்டுக்காரர்களின் பெல்ஜியம் கண்ணாடி தொங்குகிறது சார், தேக்குச் சட்டம் போட்டது. ஐயோ! இவ்வளவு நாள் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளத்தூர் பிசிக்ஸ்:
அதேதான். கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும், சட்டென்று படிக்க வராது. முகம் மாறித் தெரிந்தாலும் சித்தி சித்திதான்.

பில்டர் ஏன் தடுக்கவில்லை என்றால், அதன் தகடுகள் செங்குத்தானவை. இடம் வலமாகச் சாயும் ஒளியைத்தான் அவை மறிக்கும். மேலே போகும் ஒளி தகடுகளுக்கு இடையே தாராளமாகப் போகும். நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பெரிய கண்ணாடியையும் படங்களையும் மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும்படி தொங்கவிடுவார்கள். உங்களுடையதும் அப்படித்தானா? அளவு சொல்லுங்கள்.

தேவகோட்டை கணக்கர்:
அப்படித்தான் சார். டேப் வைத்து அளந்தேன். கண்ணாடியின் உயரம் 1 மீட்டர், மேல் விளிம்பு சுவரிலிருந்து 30 செ.மீ. வெளியே நிற்கிறது. அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 1.7 மீட்டர், திரையின் நடு 1 மீட்டர். திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே 1.3 மீட்டர். கண்ணாடியை எடுக்க மட்டும் முடியாது. வீட்டு ஆச்சி ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் துடைப்பார்.

பள்ளத்தூர் பிசிக்ஸ்:
எடுக்கவே வேண்டாம். உங்கள் அளவுப்படி ஒளி திரையிலிருந்து சுமார் 28 டிகிரி மேல்நோக்கிப் போய்க் கண்ணாடியில் படுகிறது. கண்ணாடி ஏறக்குறைய 17 டிகிரி சாய்ந்திருக்கிறது. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு ஒளி திரும்பும். ஆக 34 டிகிரி கீழே திரும்பி, கடைசியில் 6 டிகிரி கீழ்நோக்கி வருகிறது. சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கண் உயரம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். ஒளி நேராக அங்கேதான் போகிறது.

இப்போது மேல் கயிற்றைச் சுருக்கிக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். சாய்வு போய்விட்டால் 28 டிகிரி மேலே வந்த ஒளி அதே 28 டிகிரி மேலேயே போகும். கவுண்டருக்கு மேல் இரண்டே முக்கால் மீட்டர் உயரத்தில், ஆள் தலைக்கு மேலே கடந்துவிடும். கண்ணாடி கனமாக இருக்கும், தனியாகத் தொடாதீர்கள். இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, ஒருவர் கயிற்றைக் கட்டட்டும்.

காரைக்குடி சர்வீஸ்:
சார், இன்னொரு பில்டரைக் குறுக்கே திருப்பி மேலே வைத்தால் மேல்கீழும் மறையுமே?

பள்ளத்தூர் பிசிக்ஸ்:
மறையும் தம்பி. ஆனால் ஒன்று 70 சதவீதம் ஒளியை விடுகிறது என்று வைத்தால், இரண்டு சேர்ந்து பாதிதான் விடும். மேலே 28 டிகிரி என்பது பில்டர் ஒளியை விடும் 30 டிகிரி எல்லைக்கு உள்ளேயே வருவதால், இங்கே முழுக்க மறையவும் மறையாது. கண் வலிதான் மிச்சமாகும்.

தேவகோட்டை கணக்கர்:
ஆச்சியிடம் போனில் காரணத்தைச் சொன்னேன். "கஷ்டத்துக்கு வந்தவுக மானம் போகக்கூடாது, தாராளமா நிமித்துங்க" என்றார். இன்று காலை தச்சர் ஒருவரும் பக்கத்துக் கடைப் பையன்கள் இரண்டு பேரும் வந்து கண்ணாடியைச் சுவரோடு நிறுத்திவிட்டார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன், குனிந்தும் எம்பியும் பார்த்தேன். கண்ணாடியில் எதிர்ச் சுவரும் தூணின் மேல்பாதியும்தான் தெரிகின்றன.

வாசற்படிக்குப் போனால் திரையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. அது எதனால் சார்?

பள்ளத்தூர் பிசிக்ஸ்:
உங்கள் பின்சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சா? முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு கண்ணாடி மாதிரி மினுங்கும். திரையின் ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். அதில் யாரும் எதையும் படிக்க முடியாது. இருந்தாலும் கணக்கு முடிந்ததும் திரையில் அந்த வாடிக்கையாளரின் கணக்குப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

தேவகோட்டை கணக்கர்:
சரி சார், அப்படியே செய்கிறேன். அந்த ஆத்தா வருகிற திங்கட்கிழமை சங்கிலியை மீட்க வருகிறார். அவரையே எதிரில் நிற்கவைத்து, என் திரை தெரியவில்லை என்பதைக் காட்டப்போகிறேன்.