பின் கதவைத் திறந்து பாத்தனீங்களா? சின்னப் பிள்ளையளோட வாகனம் எடுத்த எங்கட அனுபவங்கள்

வெள்ளவத்தை வாசி:

போன கிழமை தங்கச்சி கோல் எடுத்து, "அக்கா, நாங்களும் ஒரு கார் எடுக்கப்போறம், என்னத்தைப் பாக்கிறது?" எண்டு கேட்டவள். அவளோட ஒரு மணித்தியாலம் கதைச்சதை இஞ்சையும் எழுதிவிடுறன்.

எங்கட முதல் கார் 2021 கடைசியில எடுத்தது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு விலையெல்லாம் கொப்பில ஏறி நிண்ட நேரம். இவர், என்ர அண்ணா, பெரியமாமா மூண்டு பேரும் நாலு சனிக்கிழமை கொழும்பு முழுக்க அலைஞ்சவை. பொனட்டைத் திறந்து பாத்தினம், அடியில ரோச் அடிச்சுக் கறள் பாத்தினம், ஜப்பான் ஏலத்தில குடுக்கிற ஒக்சன் ஷீட்டில கிரேட் பாத்தினம், சேசி நம்பரை நெற்றில போட்டுப் பாத்தினம். எல்லாத்துக்கும் மேல, "விக்கேக்க விலை போகுமோ?" கடைசியில ஒரு டொயோட்டா அக்ஸியோ செடான் வந்தது. குறை சொல்லேலாத கார். நான் அஞ்சு மாசக் கைக்குழந்தையோட வீட்டில.

முதல் நாளே விளங்கீட்டுது. எங்கட ஃபிளாட்டில பார்க்கிங், ஒரு பக்கம் தூண், மற்றப்பக்கம் மேல்வீட்டுக்காரரின்ர ஜீப். பின் கதவு ஒரு சாண் ஒன்றரைச் சாண்தான் திறக்கும். நித்திரைப் பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு அந்த இடைவெளிக்குள்ள பக்கவாட்டா நுழைஞ்சு, குனிஞ்சு, இடுப்பைத் திருப்பி, பிள்ளையைச் சீட்டுக்குள்ள இறக்கவேணும். வயித்தில தையல் இருந்த இடம் சுண்டி இழுக்கும். செடான் காருக்குக் கூரை பின்னால சரிஞ்சு பதியும்தானே, ரெண்டு தரம் அவளின்ர தலை அந்த விளிம்பில இடிச்சது. ரெண்டாம் தரம் நானும் சேர்ந்து அழுதனான்.

பிறகு லண்டன் சித்தி கைக்குழந்தைச் சீட் ஒண்டு கொண்டுவந்தவ, பிள்ளை பின்பக்கம் பாத்து இருக்கிற வகை. ஐரோப்பாவில இப்ப இருக்கிற புது விதிப்படி குறைஞ்சது 15 மாசம் மட்டும் அப்பிடித்தான் இருத்தவேணுமாம். பிள்ளையின்ர தலை பாரம், கழுத்து பிஞ்சு. சடன் பிறேக் போட்டா முதுகு முழுக்கச் சீட்டில தாங்கும். நல்லது. ஆனா அந்தச் சீட் நீளம். ட்ரைவருக்குப் பின்னால பூட்டினா, ஆறடி மனிசன் முழங்கால் ரெண்டும் ஸ்டியரிங்கில முட்ட ஓடவேண்டியிருந்தது. இடப்பக்கம் மாத்தினம். அதுதான் சரியான இடமும்கூட. நாங்கள் இடப்பக்கமா ஓடுற நாடு, இடக்கதவைத் திறந்தா நடைபாதை. வலக்கதவைத் திறந்தா காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ் உரசிக்கொண்டு போகும். ஆனா இப்ப முன்னால இருந்த எனக்கு முழங்கால் டாஷ்போட்டில.

14 மாசத்தில வித்தம். இப்ப டொயோட்டா ரூமி, ரெண்டு பக்கமும் தள்ளுகதவு. தூண் அந்த இடத்திலதான் நிக்குது, அது இப்ப எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மாத்தினதில எவ்வளவு நட்டம் எண்டு இதில எழுதமாட்டன், பெரியமாமாவும் இதை வாசிப்பார்.

உங்கட கதையளையும் சொல்லுங்கோ. எஞ்சின் கதை வேண்டாம், பின் சீட்டில என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.

தெகிவளைத் தகப்பன்:

எங்கடது ஜப்பான் சுசுகி வாகன் ஆர், 660 சிசி. கதவு அகலமாத் திறக்கும், கூரை உயரம், பின் சீட் முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். 3.4 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றரும் இல்லாத அகலம், எந்த ஒழுங்கைக்குள்ளையும் போகும். பிள்ளையை இருத்துறதில ஒரு கரைச்சலும் இல்லை.

ஆனா ஒரு விசயத்தை நாங்கள் எண்ணிப் பாக்கேல்ல. ஜப்பான்ல 660 சிசி வகைக் கார் எல்லாம் நாலு பேருக்கு மட்டும். பின்னால ரெண்டு பெல்ட்தான் இருக்கு. நான், மனிசி, ரெண்டு பிள்ளையள், சரி. அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எங்களோட நிண்டா? ஐஞ்சாவது ஆளுக்கு அந்தக் காரில இடமே இல்லை. "கிட்டத்தானே போறம்" எண்டு சொல்லி மூத்தவனை மனிசியின்ர மடியில முன்னுக்கு வச்சுக்கொண்டு போகத் தொடங்கினம். கல்கிசைப் பக்கம் ஒரு ஓட்டோ சடாரெண்டு குறுக்க வெட்டினான். நான் அப்ப முப்பதிலகூட ஓடேல்ல. பிறேக் பிடிச்சன், மனிசியின்ர கையில இருந்து நழுவிப்போய் அவன்ர வாய் டாஷ்போட்டில அடிச்சது. பால்பல் ரெண்டு போச்சு. வெள்ளைப் பனியன் முழுக்க ரத்தம். பல் டொக்டர் "முளைக்கும், பயப்பிடாதீங்கோ" எண்டார். முளைச்சது.

இங்க முன் சீட் பெல்ட் சட்டம் 2011 ஒக்டோபரில வந்தது. மனிசி பெல்ட் போட்டுத்தான் இருந்தவ. பிள்ளைக்குத்தான் ஒண்டும் இல்லை. மடி ஒரு பாதுகாப்பு இல்லை எண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செய்தனான். இப்ப அம்மா வந்து நிண்டா, ஒராள் ஓட்டோவில வாறது.

இன்னொண்டு, ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில பின்பக்கம் பாத்த கைக்குழந்தைச் சீட்டை ஒருநாளும் பூட்டக்கூடாது. பை வெடிச்சா நேரா அந்தச் சீட்டின்ர முதுகிலதான் அடிக்கும். கொழும்பில ரெண்டு பேர் அப்பிடிப் பூட்டி ஓடினதை என்ர கண்ணால பாத்தனான்.

மாளிகாவத்தை உம்மா:

நாங்க ஏழு பேர். மாமா, மாமி, நாங்க ரெண்டு பேர், மூணு புள்ளைகள். காரெல்லாம் எங்களுக்குச் சரிவராது, அதனால வேன். நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல எடுத்தது குட்டி வேன். அதுல எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில. அதனால முன்னுக்கு இருக்கிறவங்கட முழங்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல மெல்லிய தகரம்தான். பின்னால புள்ளைகளுக்கு இடம் தாராளம். எல்லாரும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கலாம், பெருநாளைக்கு மாமி சஹன் சட்டியோட ஏறினாலும் இடம் இருக்கும்.

எங்கட பிழை என்னண்டா, வாங்கக்குள்ள சீட் கவர் புதுசா பளபளன்னு இருந்திச்சு. அதைப் பாத்துத்தான் மயங்கினோம். ரெண்டு மாசம் கழிச்சு மூத்த மகளுக்குப் பெல்ட் போடலாம்னு தேடினா, கொக்கி மாட்டுற இடத்தையே காணோம். கவரைக் கழட்டினா எல்லாம் உள்ளுக்குப் புதைஞ்சி கிடக்கு! நடுச் சீட்டுக்கு வயித்துப் பெல்ட் மட்டும். அதுலயும் ஒண்டு வெட்டி எடுத்திருந்தாங்க, ஏன் வெட்டினாங்கண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அதனால பழைய வாகனம் பாக்கப் போறவங்க, கவரை ஒரு பக்கத்தாலயாவது கழட்டச் சொல்லுங்க. கார்ல ஐசோஃபிக்ஸ் (புள்ளைச் சீட்டைப் பூட்டுற) கொளுவி இருக்கான்னு பாக்கவும் அதே வழிதான். சீட்டுட முதுகும் அடியும் சேர்ற மடிப்புக்குள்ள விரலை விட்டா ரெண்டு இரும்பு வளையம் தட்டுப்படணும். கூச்சப்படாம விரலை விடுங்க.

கொட்டாஞ்சேனை அங்கிள்:

எல்லாரும் விக்கிற விலையைப் பாத்தவனை ஏசுறீங்கள். நானும் அந்தப் பெரியமாமா கட்சிதான். பிள்ளை ரெண்டு வருசத்தில வளர்ந்திடும், லீசிங் அஞ்சு வருசம் நிக்கும். 2022ஐ மறந்திட்டீங்களா? 92 ஒக்ரேன் 470 ரூபா போன மாசத்தில பெற்றோல் செட் வரிசையில காருக்குள்ளதான் நித்திரை கொண்டனான். பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டினம். அந்த நேரம் தள்ளுகதவும் உயரக் கூரையும் எனக்குச் சோறு போடாது. அவசரத்துக்கு ரெண்டு நாளில காசாக்கக்கூடிய வாகனம்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு வாகனம்.

ஆனா வெள்ளவத்தைப் பிள்ளை சொன்ன கறள் விசயத்தில ஒண்டு சேர்க்கிறன். கடற்கரையோர மெரின் ட்ரைவ் பக்கம் திறந்தவெளியில நிண்ட வாகனமெண்டா வெளியில மட்டும் பாக்காதேங்கோ. டிக்கியில ஸ்டெப்னி சில்லை வெளிய எடுத்து அந்தக் குழியைப் பாருங்கோ, பின் சீட்டுக்குக் கீழ கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கோ. பெல்ட்டைப் பிடிக்கிற போல்ட் இறங்கியிருக்கிறது அந்தத் தகரத்திலதான். தகரம் உக்கினா பெல்ட் இருந்தும் ஒண்டுதான் இல்லாமலும் ஒண்டுதான்.

தெகிவளைத் தகப்பன்:

அங்கிள், அப்ப விலை போகுதெண்டு என்னத்தையும் எடுக்கலாமோ? 2014ல வாகனங்களை மோதிப் பாத்துப் பாதுகாப்பை அளக்கிற குளோபல் என்கேப் அமைப்பு இந்தியத் தயாரிப்பு சுசுகி ஓல்டோ 800ஐ ஏர்பேக் இல்லாத மொடலில மோதிப் பாத்து, பெரியாக்களின்ர பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் குடுக்கேல்ல. அந்த வருசமும் இங்க அதுதானே சூடா வித்தது.

கொட்டாஞ்சேனை அங்கிள்:

அதை எடுத்தவன் எல்லாம் மோட்டச்சைக்கிளில நாலு பேரா போனவன் தம்பி. அவனுக்கு அது முன்னேற்றம்தான்.

(இதுக்கு என்னட்டப் பதில் இல்லை. நியாயம்தான். - வெள்ளவத்தை வாசி)

அக்குவாக்காரன்:

ஹைபிரிட் வச்சிருக்கிற பெற்றோருக்கு மட்டும் ஒரு கதை. போன வருசம் டாஷ்போட்டில சிவப்பு முக்கோணம் எரிஞ்சது. எனக்கு நெஞ்சு திக்கெண்டது, பற்றரி போச்செண்டா கதை முடிஞ்சுது. கராஜ் பாஸ் ஒண்டும் கதைக்காமப் பின் சீட் ஓரத்தில இருந்த கிறில்லைக் கழட்டி, உள்ளுக்க இருந்த சின்ன ஃபானை எடுத்து என்ர கையில வச்சார். மேரி பிஸ்கட் தூள், கச்சான் தோல், மகளின்ர தலைமயிர், ஒரு சின்ன பிளாஸ்ரிக் யானைக்கால். எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஃபானைச் சுத்தியிருந்தது.

என்ர டொயோட்டா அக்குவாவுக்குப் பெரிய பற்றரி பின் சீட்டுக்குக் கீழ. அது குளிர்றதுக்குக் காத்தை அந்தக் கிறில்லாலதான் உறிஞ்சும். பிள்ளையின்ர போர்வை, பொம்மை, நாலு பாம்பேர்ஸ் பை எண்டு அந்த இடத்தைத்தான் நாங்கள் அடைச்சு வைக்கிறம். துப்புரவாக்கிப் பூட்டினாப் பிறகு முக்கோணம் வரேல்ல. இப்ப மாசத்துக்கு ஒருக்கா வக்யூம் பிடிக்கிறன். பிஸ்கட்டுக்குத் தடை போடேலாது, போட்டுப் பாத்தனான்.

ஓட்டோ அம்மா:

எல்லாரும் என்ன வாங்கிறது எண்டு கதைக்கிறீங்கள். நாங்கள் 2023ல இருந்த காரை வித்தனாங்கள். பாடசாலை நடக்கிற தூரம், மார்க்கெற் நடக்கிற தூரம், மற்றதுக்கு ஓட்டோ. யாழ்ப்பாணத்துக்கு ரயில். சின்னவனுக்கு ரயில்ல சத்தி வாறேல்ல, காரில கலாவெவ தாண்டமுதல் மூண்டு ஷொப்பிங் பாக் வேணும். ஓட்டோவில பெல்ட்டும் இல்லை சீட்டும் இல்லை எண்டு தெகிவளைத் தகப்பன் சொல்லுவார். உண்மைதான். நடுவில இருத்தி ரெண்டு பக்கமும் நாங்கள் இருக்கிறம், அவ்வளவுதான் செய்யேலும்.

வெள்ளவத்தை வாசி:

தங்கச்சியாக்கள் நேற்று ஞாயிற்றுக்கிழமை வாகனம் பாக்கப் போனவை. நான் சொன்னபடி அத்தானோட சேர்த்து ரெண்டு வயசு மகள், அவளின்ர சீட், மாமியார் எல்லாரும். முதல் கார் சேலில சீட்டை இறக்கினதும் விக்கிறவர், "தங்கச்சி, இது என்னத்துக்கு?" எண்டு கேட்டவராம். பூட்டிப் பாத்தா முன் சீட்டைத் தள்ளவேண்டி வந்தது. அது சரிவரேல்ல. ரெண்டாவதில மாமியாருக்குக் கால் தூக்கி ஏறேலாமப்போச்சு, சாறி கதவு விளிம்பில கொளுவிக் கிழிஞ்சதும்தான் மிச்சம்.

மூண்டாவது ஒரு வீட்டுக்காரர், தன்ர பிள்ளையள் வளந்திட்டினம் எண்டு விக்கிறார். பழைய வாகனம்தான், 2017. சீட் சிக்கெனப் பூட்டுப்பட்டுது, மாமியார் தானாவே ஏறி இருந்தவ. அவர் பேப்பர் எல்லாம் தன்ர பேரில வச்சிருந்தவர், பேர் மாத்தாமக் கைமாத்துற ஓப்பன் பேப்பர் விளையாட்டு இல்லை. ஓட்டிப் பாக்க ரவுண்ட் ஒண்டு போட்டு வரக்குள்ள மகள் நித்திரையாப்போனாளாம். எழுப்பினா ஊரைக் கூட்டுவாள் எண்டு ஒருத்தரும் இறங்கேல்ல. வீட்டுக்காரரின்ர மனிசி பிளேன்ரீயைக் காருக்குள்ளயே கொண்டுவந்து குடுத்தவவாம். விலை இன்னும் கதைக்கேல்ல. புதன்கிழமை பெரியமாமாவைக் கூட்டிக்கொண்டு போகினம், ஸ்டெப்னிக் குழி பாக்க.