ரேடியோ டெலஸ்கோப் இடம் மாறுவதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வான்குருவி:
நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வி.எல்.ஏ. பார்க்கப் போயிருந்தேன். பல டிஷ் ஆன்டெனாக்களைச் சேர்த்து ஒரே ரேடியோ டெலஸ்கோப்பாக இயக்கும் ஆய்வகம் அது. மொத்தம் 27 ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் 25 மீட்டர் அகலம், 200 டன்னுக்கு மேல் கனம். Y வடிவத் தண்டவாளத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். தள்ளித் தள்ளி வைத்தால் நுணுக்கம் கூடும், நெருக்கி வைத்தால் பரந்து கிடக்கும் மங்கலான வாயுமேகங்கள் சிக்கும்.

புழுதி பறக்க வரும் என்று கேமராவும் கையுமாக நின்றேன். வந்ததோ ஆமை வேகம். டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்தபடி, ஏதோ தூக்கத்தில் நடப்பதுபோல. கிளைத் தண்டவாளம் பிரியும் இடத்தில், ஆன்டெனாவைச் சுமந்து வந்த வண்டி நின்றுவிட்டது. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, ஜாக்கி கொடுத்துத் தன்னைத்தானே தூக்கி, சக்கரங்களை 90 டிகிரி திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது! போகிறவர்கள் அந்தச் சந்திப்பிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

ஸ்பேனர்:
என் அனுபவம் சிலியில், ஆல்மா என்ற ரேடியோ ஆய்வகத்தில். ஆன்டெனா பிடிக்கும் சிக்னலை வாங்கும் ரிசீவர் கருவி வேலையாகச் சில வாரம் இருந்தேன். 2,900 மீட்டர் உயரத்தில் பூட்டி முடித்த 12 மீட்டர் ஆன்டெனாவை 5,000 மீட்டரில் இருக்கும் சாஹ்நந்தோர் பீடபூமிக்கு ஏற்ற வேண்டும். 28 கிலோமீட்டர் மண் சாலை. ஏற்றுவதற்கு ஜெர்மனியில் செய்த இரண்டு வண்டிகள்: ஓட்டோ, லோரே. ஒவ்வொன்றுக்கும் 28 சக்கரம், அகலம் 10 மீட்டர், ஆன்டெனா இல்லாமலே 130 டன்.

முதல் தடவை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. படம் எடுக்க முந்திக்கொண்டு மேலே போனேன், தலை கிறுகிறுத்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு என்று கீழே அனுப்பிவிட்டார்கள். இறங்கும் வழியில் எதிரே லோரே. ஓரங்கட்டி நின்றோம். ஜன்னல் முழுக்க டயர்தான் தெரிந்தது.

அங்கே மூச்சு வாங்குவது எனக்கு மட்டுமல்ல. 700 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு இருந்தும், மேலே போனால் ஒவ்வொன்றும் சுமார் 450தான் தரும். ஓட்டுநர் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உட்காரத் தோதாக இருக்கையின் சாய்மானத்தையே வடிவமைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: வண்டியிலேயே ஜெனரேட்டர் உண்டு. ரிசீவர் கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரியில் இருந்தாக வேண்டும். வழியில் கரண்ட் போய்ச் சூடேறினால், திரும்பக் குளிரவைப்பதற்குள் எங்கள் பொறுமை போய்விடும்.

இறக்குவதை இரண்டாம் முறை பார்த்தேன். ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கி, கன்ட்ரோல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்டெனாவின் காலடியில் நிற்கிறார். நூறு டன்னுக்கு மேல் கனம், சில மில்லிமீட்டர் பிசகக் கூடாது. தேரை நிலையில் கொண்டுவந்து நிறுத்தும்போது முட்டுக்கட்டை போடுகிறவர் முகம் எப்படி இருக்கும்? அதே முகம். ஒருவரும் பேசவில்லை.

மலைப்பாதை:
நீங்கள் இருவரும் சொன்னது ஒரே ஆய்வகத்துக்குள் நகர்ந்தது. கலிபோர்னியாவில் இரண்டு ஆய்வகங்களையே மூட்டை கட்டி ஒன்றாக்கினார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 10.4 மீட்டர் டிஷ் ஆறு, ஹேட் கிரீக்கிலிருந்து 6.1 மீட்டர் டிஷ் ஒன்பது. சேர்ந்த இடம் இன்யோ மலையில் சீடர் ஃபிளாட், சுமார் 2,200 மீட்டர். காற்றிலுள்ள நீராவி மில்லிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைகளை விழுங்கிவிடும், அதற்குப் பயந்துதான் மலையேற்றம். பெயர் கார்மா. பின்னால் 3.5 மீட்டரில் எட்டு சேர்ந்து மொத்தம் 23.

ஆயிரக்கணக்கான ஆண்டு வயதான பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைப் பார்க்கத்தான் 168ஆம் சாலையில் ஏறினேன். ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். என் சின்னக் காரையே உள்ளே விட யோசித்தேன். மேலே போனால் சமவெளியில் வெள்ளை வெள்ளையாக டிஷ்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் திரும்பின. மரத்தை மறந்து அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

2015இல் கார்மாவை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருமுறை போனபோது சமவெளி வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய டிஷ்கள் ஆறும் பழையபடி பள்ளத்தாக்கில்.

ஸ்பேனர்:
அந்த ஆறு டிஷ்களையும் வடிவமைத்தவர் இயற்பியலாளர் ராபர்ட் லெய்டன். அவருடைய இன்னொரு 10.4 மீட்டர் டிஷ் ஹவாயில் மௌனா கியா மலையின் உச்சிக்கு அருகில் இருந்தது. சாஹ்நந்தோருக்குக் கொண்டுபோவதற்காக அதையும் கழற்றிவிட்டார்கள். கழற்றும்போது பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?