மறு: ‘கொள்விலை’ வேண்டாம், ‘விடுவிப்புத் தொகை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். ஒப்பந்தத்தில் இருக்கும் கால்பந்து வீரரை அழைத்துக்கொள்ள, புது கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணத்தை (transfer fee) தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில்.

> ‘கொள்விலை’ சுருக்கமாக இருக்கிறது. செய்தித் தலைப்பில் எளிதாக அடங்கும்.

கும்பகோணத்து நண்பரின் இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தலைப்பில் அடங்கும், பொருளைத்தான் கெடுக்கும்.

போன வாரம் மன்னார்குடிக்குப் பக்கத்தில், சம்பா அறுவடை முடிந்த வயலில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தாள் காலில் குத்தாமலிருக்க கோல் பக்கத்தை மட்டும் மண்வெட்டியால் செதுக்கி, இரண்டு மூங்கில் கழிகளை நட்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவன் என்னிடம் கேட்டான்: “நெய்மாரின் விலை 22 கோடியே 20 லட்சம் யூரோ என்று போட்டிருக்கிறார்களே, அவ்வளவு பணத்தையும் அவர் என்ன செய்வார்?” அது பார்சிலோனா கிளப்புக்குப் போன பணம், அவருடைய சம்பளம் வேறு என்றேன். அவன் நம்பவே இல்லை. ‘விலை’ என்று படித்தவன் வேறு எப்படி நினைப்பான்?

கிளப் கைமாறியதும் பணம் கொட்டுவது நாம் பலமுறை பார்த்ததுதான். 2008 செப்டம்பர் 1 அன்று மான்செஸ்டர் சிட்டி அபுதாபி முதலீட்டாளர்களிடம் போனது. அன்றே ரியல் மாட்ரிடிலிருந்து ரொபின்ஹோ வந்தார். பாரிஸ் சான் ஜெர்மைனைக் கத்தார் நிறுவனம் வாங்கியது 2011-இல், நெய்மார் வந்தது 2017-இல். செல்சி 2022-இல் புது உரிமையாளர்களிடம் சென்றது; அடுத்த ஜனவரியில் என்சோ பெர்னாண்டசுக்காக போர்ச்சுகலின் பென்பிகா கிளப்புக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. இந்தத் தொகையெல்லாம் எதற்கு? பழைய கிளப்போடு வீரருக்கு மீதமிருக்கும் ஒப்பந்த ஆண்டுகளிலிருந்து அவரை விடுவிப்பதற்கு. ஒப்பந்தம் தீர்ந்துவிட்டால் தொகை கிடையாது என்பதை 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு நிலைநாட்டியது. 2024-இல் எம்பாப்பே பாரிஸ் கிளப்பிலிருந்து அப்படித்தான் ரியல் மாட்ரிடுக்குப் போனார். அவருடைய ‘கொள்விலை’ சுழியம் என்று எழுதுவோமா?

இன்னொரு காரணமும் உண்டு; எனக்கு அதுதான் பெரிது. பண்ணையாளின் கடனைப் புது மிராசுதார் அடைத்துவிட்டு, ஆளைத் தன் பண்ணைக்கு அழைத்துக்கொண்ட வழக்கம் நம் தஞ்சைச் சீமையில் இருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. மனிதனுக்கு முன்னால் ‘விலை’, ‘கொள்முதல்’ என்ற சொற்களை வைக்க இந்த மண்ணில் பிறந்த எனக்குக் கை வரவில்லை. கொள்முதல் நெல்லுக்கு இருக்கட்டும்.

எனவே ‘விடுவிப்புத் தொகை’. ‘விடுப்புத் தொகை’ என்று சுருக்க வேண்டாம். லீவு நாள் சம்பளம் என்றுதான் படிப்பார்கள். நெய்மாருக்கு நடந்ததுபோல் ஒப்பந்தத்திலேயே தொகையை எழுதி வைத்திருந்தால் ‘முன்குறித்த விடுவிப்புத் தொகை’ எனலாம்.

புதிதாகச் சேரும் வீரருக்குத் திருவாரூர் அக்கா சொன்ன ‘புதுவரவு’ அருமையான சொல். ஆட்டச் செய்தியில் தாராளமாக எழுதலாம். கணக்குச் செய்தியில் மட்டும் வேண்டாம்: கிளப்புக்குச் செலவான ஆளை ‘வரவு’ என்று எழுதினால் வாசகர் குழம்பிவிடுவார். அங்கே ‘புதிய வீரர்’ போதும்.

விடுவிப்புத் தொகையைக் கிளப்பின் கணக்கேட்டில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் முறைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. செல்சி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டியதும், 2023-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இந்தப் பிரிப்புக்கு ஐந்து ஆண்டு வரம்பு வைத்தது. ‘தவணை’ பொருந்தாது, அது பணம் கட்டும் முறை, இது ஏட்டில் எழுதும் முறை. ‘செலவுப் பகிர்வு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். கணக்குத் துறையில் இருப்பவர்கள் திருத்துங்கள்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து